கொரோலா 121இன் தீராத மிஸ்பயரும் கல்வியங்காட்டு ஒழுங்கைக் கராஜும்

உதிரிப்பாகம் எதையும் மாற்றாமல், கோளாறின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்கும் கராஜ் யாழ்ப்பாணத்தில் அரிது. நல்லூரைத் தாண்டிக் கல்வியங்காட்டுப் பக்கம் போகையில் பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் இந்தக் கராஜ் அப்படிப்பட்டது. எங்கள் வீட்டு 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 121 அங்கேதான் குணமானது. வேலை முதல்தரமானது, வாடிக்கையாளரை நடத்தும் முறையில் திருந்த வேண்டியவை சில உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும்வரை, பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்குவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. திறந்த பிறகும் வரிகளைப் பார்த்தால் நிலைமை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. ஆகவே அம்மாவைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதும், கிளிநொச்சிச் சொந்தங்களின் நல்லது கெட்டதுகளுக்குப் போவதும் இந்த ஒரே வண்டியில்தான். அது காலையில் ஸ்ராட் பண்ணியதும் உடல் முழுவதும் உதறத் தொடங்கியது. சூடேறிய பின் அமைதியாகிவிடும். பிறகு ஏசி போட்டுக்கொண்டு ஆட்களை நிறைத்து ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்தப் போனால் மறுபடியும் இழுவை அறுந்து குலுங்கும். செக் இஞ்சின் விளக்கு மினுங்கும். அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுங்குவது வேறு. மினுங்கினால், எரியாத பெற்றோல் புகைபோக்கிக்குள் போய் அங்கு புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சுட்டுக் கெடுக்கக்கூடிய அளவுக்கு மிஸ்பயர், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாகப் பற்றாமை, இருக்கிறது என்று பொருள்.

முன்னர் காட்டிய இடங்களில் நடந்தவற்றை விரித்துச் சொல்லப் பிரியமில்லை. பிளக்குகள் நான்கும் மாறின, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்கள் நான்கும் மாறின, பெற்றோலை விசிறும் இன்ஜெக்டர்களும் காற்று வழியைத் திறந்து மூடும் திறோட்டில் பொடியும் கழுவப்பட்டன. ஒவ்வொரு தடவையும் சில நாள் நன்றாக ஓடுவது போலத் தோன்றி, பிறகு பழைய கதைதான். காரின் கொம்பியூற்றரில் பதிவாகும் கோளாறுகளை வாசிக்கும் ஸ்கேனர் சில வேளை 3ஆம் சிலிண்டரைக் காட்டும், சில வேளை 2ஆம் சிலிண்டரை. இதனாலேயே, “கொம்பியூற்றர் பிழை, அதை மாற்றிப் பார்ப்போம்” என்ற ஆலோசனையும் ஓரிடத்தில் கிடைத்தது.

இந்தக் கராஜின் உரிமையாளர், நாற்பது வயதைத் தாண்டாத ஒருவர், பொனற்றைத் திறக்கவேயில்லை. எப்போது உதறுகிறது, எவ்வளவு நேரம், மழைநாளில் கூடுகிறதா, ஏசியை நிறுத்தினால் குறைகிறதா என்று வரிசையாகக் கேட்டு ஒரு பழைய கொப்பியில் குறித்துக்கொண்டார். “அண்ணை, இப்ப சூடான இஞ்சினைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. இரவு விட்டிட்டுப் போங்கோ, காலமை குளிர் இஞ்சினிலை பாப்பம்” என்றார். சோதனைக்கு 4,500 ரூபாய், காரணம் கிடைக்காவிட்டால் அதில் பாதி என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நானும் கூட நின்றேன். அவர் பயன்படுத்தியது சற்று விலைகூடிய ஸ்கேனர். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட அக்கால ரொயோட்டாக்கள் பலவற்றோடு, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புளூரூத் கருவிகள் தொடர்புகொள்வதில்லை என்பதைப் பழைய கார் வைத்திருப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. நம் கைத்தொலைபேசியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் காரில் ஒன்றும் பதிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரையில் 3ஆம் சிலிண்டர் மிஸ்பயருக்குரிய பி0303 இருந்தது. அதோடு பி0171உம் இருந்தது. எரிகலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பதே இந்த இரண்டாவது குறியீட்டின் பொருள். அவர் விரலை வைத்தது அதில்தான்.

அடுத்து அவர் பார்த்தது எரிபொருள் திருத்த வீதத்தை. புகைபோக்கியிலுள்ள ஒட்சிசன் சென்சர் சொல்வதைக் கேட்டு, இஞ்சினின் கொம்பியூற்றர் பெற்றோலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது; அந்தக் கூட்டல் கழித்தலை ஸ்கேனர் சதவீதமாகக் காட்டும். நல்ல நிலையிலுள்ள இஞ்சினில் அது பூச்சியத்துக்கு அண்மையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் காரில், சென்சர் சூடேறி வேலையைத் தொடங்கியதும், ஐடிலில், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காத நிலையில், 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. அக்சிலரேற்றரைக் கொடுத்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. பெற்றோல் பம்ப் பலவீனமாக இருந்தாலோ, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர் அழுக்குப் பிடித்திருந்தாலோ, சுற்று கூடக்கூட நிலைமை மோசமாக வேண்டும். இங்கே நேர்மாறாக நடந்தது. அளக்கப்படாத காற்று ஏதோவொரு வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்தால்தான் இப்படி ஆகும், ஏனெனில் ஐடிலில் இஞ்சின் உறிஞ்சும் மொத்தக் காற்று கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிய பங்காகிவிடுகிறது, சுற்று கூடும்போது அதே கசிவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவாகிறது. முன்னர் பார்த்தவர்கள் எவரும் இந்த எண்ணைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பேசாமல் விட்டார்களா என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை.

கசிவைத் தேடுவதற்கு அவர் எடுத்தது, பூச்செடிக்குத் தண்ணீர் விசிறும் சாதாரண போத்தல். இஞ்சின் இன்னும் முழுதாகச் சூடாகாத நிலையில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்ரேக் மனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் விளிம்பில் ஒவ்வொரு துளையருகேயும் மெல்ல விசிறினார். 3ஆவது துளையின் கீழ்ப்பக்கம் விசிறியபோது உதறல் ஒரு கணம் நின்று, ஐடில் சீராகி, தண்ணீர் உள்ளே இழுபட்டதும் மறுபடி தொடங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கே அது காதால் தெரிந்தது. கார்ப் கிளீனரை அடித்தாலும் இதே பலன் கிடைக்கும், ஆனால் நெருப்புப் பற்றக்கூடிய பொருளை இஞ்சின் மேல் அடிக்கத் தனக்கு விருப்பமில்லை என்றார்.

மனிஃபோல்ட்டைக் கழற்றி, அந்த விளிம்பை அடைக்கும் கஸ்கெற்றை எடுத்து என் கையில் தந்தார். ரப்பர் வளையத்தின் கீழ்விளிம்பு, 3ஆவது துளையைச் சுற்றித் தட்டையாக அமுங்கி, நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது இடைவெளி விடும், சூடேறி விரிந்ததும் ஓரளவு மூடிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். புதிய கஸ்கெற் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துசேர்ந்தது. அதைப் போட்டு, போல்ற்றுகளை இறுக்கத்தின் அளவைக் காட்டும் ரோர்க் ரென்ச்சால் இறுக்கி, கொம்பியூற்றர் பழகிவைத்திருந்த திருத்தங்களை அழித்த பின், ஐடிலில் அந்த எண் பூச்சியத்தை ஒட்டியே நின்றது.

காலை உதறல் இதோடு தீர்ந்தது. பாரம் ஏறும்போது வரும் குலுக்கல் மட்டும் தீரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாததால், இஞ்சினுக்குப் பாரம் கொடுத்துப் பார்ப்பதே ஒரு கலையாகிவிடுகிறது. ஏசியை முழுமையாகப் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி டி கியரில் ஓரிரு விநாடி மட்டும் அக்சிலரேற்றரைக் கொடுத்தார். நீண்ட நேரம் செய்தால் கியர் பெட்டி கொதிக்கும். இப்போது குறியீடு 2ஆம் சிலிண்டருக்குரியது. 2இலிருந்த கொயிலை 4க்கும் 4இலிருந்ததை 2க்கும் மாற்றிப் போட்டு மறுபடி பார்த்தபோது குறியீடும் 4க்கு நகர்ந்தது. பிளக்கும் இன்ஜெக்டரும் இருந்த இடத்திலேயே இருக்க, கொயிலோடு கோளாறு கூடப் போனதால் குற்றவாளி கொயில்தான். எங்களுக்குப் புதிதாக விற்கப்பட்ட அந்தக் கொயிலின் ரப்பர் குழலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்; உட்சுவரில் பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, அதற்கு எதிரே பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதேபோல ஒன்று. மின்பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடிப் பழகிய வழி அது. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதிலுள்ள கோடு புதியதையும் கெடுத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எதையும் எறிந்து பழக்கமில்லாத அப்பா, முன்னர் கழற்றப்பட்ட அசல் கொயில்களை டிக்கிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றைப் புதிய பிளக்கோடு 4இல் போட்டதும் குறியீடு வரவில்லை. ஆகப் பழையவை பழுதானவையே அல்ல. காற்றுக் கசிவு என்ற ஒரு கோளாறுக்கு மேல், தரமற்ற உதிரிப்பாகம் இன்னொரு கோளாறைக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பிக் கொயில் வாங்குவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஊர் இது. காதையும் மூக்கையும் வைத்தே கார்புரேற்றரைச் சரிசெய்த அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அந்தக் கைத்திறன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயிலும் சென்சர்களும் கொண்ட எங்கள் காரின் 1என்இசட் இஞ்சினுக்குப் போதாது; ஸ்கேனர் காட்டும் எண்களைப் படிக்கவும் தெரிய வேண்டும். இந்த மனிதரிடம் இரண்டும் இருந்தன.

கம்பிரசனையும், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தையும், அளந்தார், நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டியதால் வால்வுகள் பழுதோ என்ற சந்தேகம் அதோடு முடிந்தது.

இனிக் குறைகள். தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். வண்டி முடிந்ததா என்று அறிய நேரில்தான் போக வேண்டும். பில் கேட்ட பிறகே எழுதப்பட்டது, அதிலும் கூலியும் பொருளும் ஒரே வரியில் கிடந்தன; பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். சொன்ன நாளில் வேலை முடியவில்லை, கஸ்கெற் வரத் தாமதமானதை அவர்களாக அறிவிக்கவுமில்லை. இருக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரைதான் உண்டு, அதிலும் பெரும்பாலும் யாராவது ஒரு பெடியன் ஸ்பானர்களைப் பரப்பியிருப்பான். மொத்தச் செலவு, முன்னர் மாற்றிய நான்கு கொயில்களின் விலையைவிடக் குறைவு என்பதால் நான் முணுமுணுக்கவில்லை.

தகர வேலை, பெயின்ற், ஹைபிரிட் பற்றறி எதுவும் இங்கே செய்வதில்லை. அவசரமாக ஒயில் மாற்றிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கும் இது பொருத்தமான இடமல்ல. பலரிடம் காட்டியும் பிடிபடாத இஞ்சின் கோளாறு உள்ளவர்கள், முன்னர் கழற்றிய பாகங்கள் இருந்தால் அவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் நகரப் பக்கமிருந்து வருவோர் சுற்றுப்பாதையில் கல்வியங்காட்டுச் சந்திக்கு வந்து, அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும்.