மாமாவின் கத்தியா, அடியாளின் காதலா: போர்டெய்னின் சமையலறைக் குற்றக் கதைகளில் எதை எடுப்பது?

ஆண்டனி போர்டெய்னை ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்ட தொலைக்காட்சி மனிதராகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தப் புகழெல்லாம் வருவதற்கு முன்பே, நியூயார்க்கில் அடுப்படி வேலை பார்த்துக்கொண்டு குற்ற நாவல் எழுதியவர் அவர். ஹோட்டல் சமையலறையும் மாஃபியாவும் சேர்ந்த கதை வேண்டும் என்பவருக்கு அவரிடம் மூன்று புத்தகங்கள் உண்டு: 1995இல் வந்த 'போன் இன் த த்ரோட்', பின்னாளில் வந்த 'பாபி கோல்ட்', நாவலே இல்லாத 'கிச்சன் கான்ஃபிடென்ஷியல்'.

முதல் நாவலான 'போன் இன் த த்ரோட்'டின் களம், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இத்தாலியர்கள் குடியேறிய லிட்டில் இத்தாலி. டாமி கெட்டிக்காரச் சமையல்காரன். மாமாவோ மாஃபியா ஆள். ஒரு ராத்திரி மாமாவுக்குச் சமையலறை தேவைப்படுகிறது. கொலைக்குத்தான். அதற்கப்புறம் ஒரு பக்கம் எஃப்.பி.ஐ., மறுபக்கம் சொந்த ரத்தம், நடுவில் டாமி.

இதில் என்னைப் பிடித்து வைத்தது கொலை இல்லை. கொலை நடந்த பிறகும் அடுப்பு எரிந்தாக வேண்டும், ஆர்டர் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும், சாஸ் திரியக் கூடாது. மனசாட்சி உறுத்திக்கொண்டிருக்கும்போதும் கை தானாக நறுக்குகிறது. தொழில் தெரிந்தவர் எழுதியது என்பது அந்த இடங்களில் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் மாஃபியா ஆட்கள் வாயைத் திறந்தாலே எங்கேயோ சினிமாவில் கேட்ட குரல். போலீஸ் தரப்பு அத்தியாயங்களை நான் கொஞ்சம் வேகமாகவே புரட்டினேன்.

கதை மிகையாகத் தோன்றினால், அன்றைய நியூயார்க்கை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹோட்டல்களுக்கு மீன் வந்த ஃபுல்டன் மீன் சந்தையில் ஜெனோவேஸ் என்ற மாஃபியா கும்பலின் பிடி இருந்தது. லாரியிலிருந்து சரக்கை யார் இறக்குவது, எவ்வளவு கூலி என்பதைக்கூட வியாபாரி தீர்மானிக்க முடியாது. பின்வாசலில் குப்பை அள்ளுவதும் அப்படித்தான். ஒரு கடை இன்ன கம்பெனிக்குச் 'சொந்தம்' என்று எழுதாத பட்டா; கட்டணம் அதிகம் என்று வேறு ஆளை வைத்துக்கொள்ள முடியாது. நாவல் வெளியான அதே 1995இல்தான் மீன் சந்தையை ஒழுங்குபடுத்த நகர நிர்வாகம் சட்டம் கொண்டுவந்தது. குப்பை அள்ளும் கம்பெனிகளின் கூட்டணி மீது குற்றச்சாட்டுகளும் பதிவாயின். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1985 டிசம்பர் 16 அன்று, கேம்பினோ என்ற இன்னொரு மாஃபியா கும்பலின் தலைவர் பால் காஸ்டெல்லானோ 46ஆம் தெருவில் ஸ்பார்க்ஸ் ஸ்டேக் ஹவுஸ் என்ற உணவகத்தின் வாசலில் சுடப்பட்டுச் செத்தார். அவரும் கசாப்புத் தொழிலில் தொடங்கியவர்தான்! இந்த மீன், குப்பைக் கணக்குகளை வைத்தே ஒரு நாவல் எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. போர்டெய்ன் குடும்பப் பாசத்தின் வழியே மாஃபியாவைச் சமையலறைக்குள் விட்டார். அதுவும் நல்ல வழிதான். கடன்காரனை வெளியே போ என்று சொல்லிவிடலாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது?

'பாபி கோல்ட்' வேறு ரகம். சின்னச் சின்னக் கதைகளாகக் கோத்த மெலிந்த புத்தகம். பாபி பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். இரவு விடுதிகளிலும் உணவகங்களிலும் எலும்பை முறிப்பது அவன் வேலை. பிடித்துச் செய்வதில்லை, ஆனால் கைவந்த தொழில். அவன் காதலிக்கும் நிக்கி, அடுப்பில் வாணலி பிடிக்கும் சமையல்காரி. இங்கே சமையலறையை நாம் வாசலில் நிற்கும் அடியாளின் கண்ணால் பார்க்கிறோம், அதனால் வெங்காய வாசனை குறைவு. பதிலுக்கு மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். முதல் நாவலில் டாமியைவிடச் சமையலறையே நினைவில் நின்றது. இதில் பாபி நிற்கிறான். கதையாக மட்டும் எடைபோட்டால் இதுதான் தேர்ந்த கை.

2000இல் வந்த 'கிச்சன் கான்ஃபிடென்ஷிய'லில் பிணம் கிடையாது. திங்கட்கிழமை மீன் கேட்காதீர்கள், அது வார இறுதிக்காக வாங்கியதில் மிஞ்சியது. நன்றாக வேகவைக்கச் சொல்பவருக்கென்றே மட்டமான இறைச்சித் துண்டை ஒதுக்கி வைப்பார்கள் என்று அவர் போட்டு உடைத்தது இதில்தான். போதை, திருட்டு, கெட்டவார்த்தை என்று நாவலில் நாம் கற்பனை என்று நினைத்த பாதியை இங்கே அனுபவமாகச் சொல்கிறார். இதை முதலில் படித்தவருக்கு 'போன் இன் த த்ரோட்' ஏற்கெனவே கேட்ட கதை போலத் தோன்றிவிடும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: நாவல் முதலில், நினைவுக்குறிப்பு அப்புறம்.

1997இல் வந்த அவரது இன்னொரு நாவலான 'கான் பாம்பூ'வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரீபியன் தீவு, வாடகைக் கொலையாளி, வெயில். மாஃபியா உண்டு, அடுப்பு இல்லை. முதல் நாவலைப் படமாக்கியபோது கதையை லண்டனின் ஈஸ்ட் எண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லிட்டில் இத்தாலி போனதும் அந்த மாமாவின் கனமும் பாதி போய்விட்டது.

ரயிலில் நாலு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 'பாபி கோல்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இருக்கிறது, குறைகளைப் பொறுத்துக்கொள்வேன் என்றால் 'போன் இன் த த்ரோட்'. என் அலமாரியில் 'போன் இன் த த்ரோட்'தான் மடிந்து கிழிந்து கிடக்கிறது, அதுவும் சமையலறை வரும் பக்கங்களில் மட்டும்.