கடைக்குள் புகை: முடிவு யார் கையில்? நான்கு வகைச் சட்டங்கள், ஓர் அலசல்

ஒரு மதுக்கூடத்திலோ உணவகத்திலோ புகைபிடிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அதன் உரிமையாளர்தான் என்பது எங்கள் நிலைப்பாடு. வாடகை கட்டுபவர் அவர். நஷ்டம் வந்தால் தாங்குபவரும் அவர். உள்ளே வரும் வாடிக்கையாளரை யாரும் இழுத்து வருவதில்லை. ஆனால் இந்த வாதம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரிடம் வந்ததும் தடுமாறுகிறது. வாடிக்கையாளருக்கு அடுத்த தெருவில் வேறு கடை உண்டு. மேசை துடைப்பவருக்கு வேறு வேலை அவ்வளவு லேசில் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு சட்டத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். உரிமையாளர் முடிவெடுக்க இடம் விடுகிறதா? அந்தப் புகையில் நிற்பவர் எல்லோரும் தாமே ஒப்புக்கொண்டு நிற்பவர்களா?

முழுத் தடை: அயர்லாந்தும் இங்கிலாந்தும்

வேலையிடங்கள் அனைத்திலும் புகையை முற்றாகத் தடுத்த முதல் நாடு அயர்லாந்து (2004 மார்ச் 29). இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் தடை. அங்கே புகைபிடித்தவருக்கான உடனடி அபராதம் 50 பவுண்டு என்று வைத்தார்கள். தடுக்கத் தவறிய உரிமையாளர் நீதிமன்றம் போனால் 2,500 பவுண்டு வரை. குற்றம் செய்தவரைவிடக் காவல் காக்கத் தவறியவருக்குப் பல மடங்கு தண்டனை. சொந்த இடத்தில் உரிமையாளரைச் சம்பளமில்லாத காவலராக்கும் ஏற்பாடு இது.

வெளியே கொட்டகை போடலாம். ஆனால் கூரை இருந்தால், சுவர்ப் பரப்பில் பாதியாவது நிரந்தரத் திறப்பாக இருக்க வேண்டும். திறந்து மூடும் கதவும் ஜன்னலும் திறப்புக் கணக்கில் சேராது. இரண்டு பக்கம் மூடிய சதுரக் கொட்டகையில், மழைக்குப் பயந்து மூன்றாவது பக்கமும் ஒரு தடுப்பு வைத்ததுமே சட்டத்தை மீறிய கொட்டகையாகிவிடும். முற்றம் உள்ள கடை இதைச் சமாளிக்கும். நடைபாதையை ஒட்டி ஒற்றை அறையில் நடக்கும் கடைக்கு வழியே இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: விதி எளிது, ஊழியருக்கு முழுப் பாதுகாப்பு. முதல் கேள்வியில் தோற்கும் இந்தச் சட்டம் இரண்டாவதில் ஜெயிக்கிறது.

தனி அறை: இந்தியா

2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளன. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகம், விமான நிலையம் ஆகிய மூன்றுக்கு மட்டும் தனிப் புகையறை அமைக்க அனுமதி. அந்த அறைக்கு நான்கு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். உள்காற்று நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்; அறைக்குள் காற்றழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வாசலை ஒட்டி அமைக்கக் கூடாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அந்த இடத்தில் பரிமாறவும் கூடாது.

மற்ற கடைகளுக்கு 60 செ.மீ.க்கு 30 செ.மீ. எச்சரிக்கைப் பலகை மட்டும்தான். ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் உள்ளே தரக் கூடாது. மீறுபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்பது மத்தியச் சட்டம்.

அழுத்தம் குறைந்த அறை என்று எழுதுவது எளிது, நடத்துவது கடினம். ஜப்பான் விதி ஓர் அளவே சொல்கிறது: புகையறை வாசலில் உள்நோக்கிப் போகும் காற்று நொடிக்கு 0.2 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். கதவு 2 மீட்டர் உயரம், 90 செ.மீ. அகலம் என்றால் திறப்பு 1.8 சதுர மீட்டர். அதாவது நொடிக்கு 0.36 கன மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 1,300 கன மீட்டர் காற்று. மூன்று மீட்டர் உயரமுள்ள 30 சதுர மீட்டர் ஏசி உணவகத்தின் மொத்தக் காற்றே 90 கன மீட்டர்தான். கதவு திறந்தே கிடந்தால் அதைப்போல் பதினான்கு மடங்கு குளிர்காற்று ஒரு மணி நேரத்தில் வெளியே போகும். அதற்கு ஈடாக வெளிக்காற்று வர வழி வைக்காவிட்டால், எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றும், காற்று நகராது. இறக்கைகளில் தார் படியப் படிய இழுவையும் குறையும். கதவைக் கட்டை கொடுத்துத் திறந்து வைத்தால் செய்த செலவெல்லாம் வீண்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காற்றோட்டமும் தனி அறையும் புகையின் பாதிப்பை முழுதாக நீக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமையாளர் பக்கம் பேசுபவர்கள் காற்றோட்டக் கருவியை நம்பி வாதாடக் கூடாது என்கிறோம். அந்த வாதம் நிற்காது. நிற்கக்கூடியது சம்மதம் ஒன்றுதான்.

பரப்பளவு வரம்பு: ஸ்பெயின், ஜெர்மனி

2006இல் ஸ்பெயின், 100 சதுர மீட்டருக்குட்பட்ட கடைகளின் முடிவை உரிமையாளரிடமே விட்டது. பெரும்பாலான சிறு பார்கள் புகையைத் தேர்ந்தெடுத்தன. புகை வேண்டாதவருக்குப் பக்கத்தில் கடையே இல்லை என்ற நிலை வந்தது. 2011 ஜனவரி 2 முதல் முழுத் தடை. சந்தை தானாகச் சமன் செய்துவிடும் என்ற எங்கள் தரப்பு நம்பிக்கைக்கு இது பெரிய அடி. மறைக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் நடந்ததுதான் சட்ட ரீதியாக மிக முக்கியம். சில மாநிலங்கள் பெரிய கடைகளுக்குத் தனிப் புகையறை அனுமதித்தன. ஒற்றை அறை மதுக்கடைகளுக்கு எதுவும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க், பெர்லின் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2008 ஜூலை 30 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது இது: முழுத் தடை போட அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விலக்கு தருவதென்றால் பெரியவனுக்கு மட்டும் தந்து சின்னவனை நசுக்கக் கூடாது. புதிய சட்டம் வரும்வரை 75 சதுர மீட்டருக்குட்பட்ட, சமைத்த உணவு பரிமாறாத, 18 வயதுக்குட்பட்டோரை உள்ளே விடாத, வாசலில் ‘புகைக்கடை’ என்று பலகை வைத்த கடைகளில் புகைக்கலாம் என்றது. தீர்ப்பு நின்றது சொத்துரிமையின் மீதல்ல, தொழில் சுதந்திரத்தின் மீது. உரிமை பேசுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் 1978இன் 44ஆவது அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல. 19(1)(ஜி) பிரிவின் தொழில் உரிமைதான் கைகொடுக்கக்கூடியது.

அந்த அளவுகோலை நம் 30 இருக்கை விதியில் வைத்துப் பாருங்கள். நட்சத்திர ஹோட்டலுக்குப் புகையறை, பத்து இருக்கைக் கடைக்கு 200 ரூபாய் ரசீது. ஜெர்மன் நீதிமன்றம் தவறென்ற அதே வடிவம்.

ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் விலக்குகளை ‘புகைப்போர் சங்கம்’ என்ற பெயரில் நீட்டிக்கொண்டே போனார்கள். மக்கள் பொறுமை இழந்தார்கள். 2010 ஜூலை 4 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடும் தடைக்கு வாக்களித்தனர். ஓட்டையை அகலமாக்கியவர்களே கதவையும் அடைத்துக்கொண்டார்கள்.

ஊழியரில்லாக் கடை: டோக்கியோ

2020 ஏப்ரல் முதல் முழுமையாக நடப்புக்கு வந்த ஜப்பான் தேசியச் சட்டம், ஏற்கெனவே இயங்கிவந்த, 100 சதுர மீட்டருக்குள் வாடிக்கையாளர் பகுதி கொண்ட, ஐந்து கோடி யென்னுக்கு மிகாத முதலீட்டுக் கடைகளுக்கு விலக்குத் தருகிறது. வாசலில் பலகை கட்டாயம். புகைபிடிக்கும் பகுதிக்குள் 20 வயது நிரம்பாத யாரும், ஊழியரே ஆனாலும், நுழையக் கூடாது. டோக்கியோ மாநகர விதி ஒரு படி மேலே போகிறது: அந்த விலக்கு, சம்பள ஊழியர் யாரும் இல்லாத கடைக்கு மட்டும்.

எங்கள் தேர்வு இதுதான். முடிவு உரிமையாளருடையது, நுரையீரலும் அவருடையது, வருபவர் பலகையைப் படித்துவிட்டு வரும் பெரியவர். இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேரப் பதில் தரும் ஒரே ஏற்பாடு. இந்தியாவின் மத்தியச் சட்டத்தில் ‘30 இருக்கை’யை எடுத்துவிட்டுப் பரப்பளவு வரம்பு, பலகை, வயது வரம்பு, ஊழியரின்மை ஆகிய நான்கு நிபந்தனைகளை வைத்தால் போதும். பரப்பை அளக்க ஒரு டேப் போதும். காற்றழுத்தம் அளக்கும் கருவி வேண்டாம்.

நம் ஊரில் இது சறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. சிறு கடைகளில் அடுப்படியில் நிற்பது மனைவி, டம்ளர் கழுவுவது ஊரிலிருந்து வந்த அக்கா மகன். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக அவர்களை ஊழியர் இல்லை என்று எழுதிவிட முடியாது. இங்கே விதி எழுதுவதானால் ‘சம்பள ஊழியர்’ என்ற சொல் வேண்டாம். ‘உரிமையாளரைத் தவிர வேறு யாரும் வேலை செய்யாத கடை’ என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினால் விலக்குப் பெறும் கடைகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கடைகளிலாவது அரசு உள்ளே வராமல் இருக்கட்டும்.