பட்டை வைத்த ரப்பர் ஃபிரேம்: சோம்பேறிக் கண்ணுக்குச் சரிவருமா?

சோம்பேறிக் கண் என்பது சிறு வயதில் ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போகும் குறை. இது சிறு பிள்ளைகளுக்கான கண்ணாடி ஃபிரேம்: ஸ்க்ரூ, கீல் எதுவும் இல்லாமல், தலைக்குப் பின்னால் பட்டையோடு வரும் ஒரே வார்ப்பு. வளைத்தாலும் சட்டென்று உடையாது; அதில் குறையில்லை. சிக்கல் மூக்குப் பகுதியில்தான். சப்பை மூக்குக்கு நழுவி இறங்கிவிடும், பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். அப்புறம் பவர் சரியாக இருந்து என்ன பயன்? கருவிழி லென்ஸின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டையை இறுக்கிச் சமாளிக்காதீர்கள், தோலில் தடம் விழும். லென்ஸ் எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டாகவே இருக்கட்டும். பவர், கண்ணின் குவியத்தைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு எடுத்ததாக இருக்கட்டும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டால், கண்ணாடியாலேயே 16 முதல் 18 வாரம் வரை பார்வை கூடிவரலாம். பிறகும் குறை மிஞ்சினால், சோம்பேறிக் கண் வேலை செய்ய நல்ல கண்ணுக்கு மறைப்பு. மிதமான குறைக்குப் பெரும்பாலும் தினம் 2 மணி நேரம். கண்ணாடியின் மேல் மாட்டும் துணி உறை என்றால், அதன் ஓரத்தில் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். தோலில் ஒட்டும் மறைப்பே மேல்.