கிழிந்த காது நரி: கேமரா ட்ராப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

கேமரா ட்ராப் (விலங்கு வந்தால் சென்சார் உணர்ந்து தானாகவே சொடுக்கும் கேமரா) வைத்துக் காட்டுயிர்ப் படம் எடுக்கக் கற்றுத் தருவதாகச் சொன்ன மூன்று நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்து ஏமாந்தேன். விளம்பரத்தில் "படம் உறுதி" என்று போட்டிருந்தார்கள். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் நாள் மாலை கூட்டிப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. ட்ரைபாட் நின்றது, இரண்டு ஃப்ளாஷ் கட்டியாகிவிட்டது, சென்சாரையும் திருப்பி வைத்துவிட்டார்கள். மெமரி கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டது மட்டும்தான் நான். மறுநாள் காலை பார்த்தால், பாறைமேல் முன்னங்கால் வைத்து நிற்கும் நரி! பொய் சொல்வானேன், துள்ளிக் குதித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, முந்தைய குழுவில் படித்த ஒருவர் தன் படத்தைக் காட்டினார். அதே பாறை, அதே நிலை, இடது காதில் அதே கிழிசல். என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறை இடுக்கில் முட்டை ஓடு. தீனி போட்டுப் பழக்கிய நரி.

நல்ல வேளை, அந்தப் படத்தைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் தீனி வைத்தீர்களா என்ற கேள்வியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். 2009-ல் 'வைல்டுலைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் வென்ற ஓநாய்ப் படமும் விலங்கு குறுக்கே வந்தால் தானாகவே சொடுக்கும் கேமராவில் எடுத்ததுதான். அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

போதாததற்கு ஒரு கேமரா ட்ராப்பையும் விற்று என் தலையில் கட்டினார்கள். "இதன் வெளிச்சம் விலங்கின் கண்ணுக்கே தெரியாது" என்றார்கள். இருட்டில் முன்னால் போய் நின்றேன், எனக்கே சிவப்புப் புள்ளிகள் மின்னின. அது 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்பு ஒளி. 940 என்றால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. பெட்டியில் போட்டிருந்த மெகாபிக்சலும் ஊதிப் பெருக்கியதுதான். மெனுவில் குறைந்த அளவிலும் உச்ச அளவிலும் ஒரே காட்சியை எடுத்து ஒப்பிட்டேன். கோப்புதான் பெருத்தது, ஒரு மயிர்க்கால்கூடக் கூடுதலாகத் தெரியவில்லை.

சரி, பாடமாவது ஒழுங்கா? சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உருவத்தைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட சூடு நகர்வதைத்தான் உணர்கிறது. அதனால் குறுக்கே நடக்கும் விலங்கைச் சட்டென்று பிடிக்கும், நேரே வருவதைத் தாமதமாகத்தான் பிடிக்கும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்து சொடுக்கும். இது தெரியாமல் நானாக முதல்முறை வைத்தபோது 2,400 படம் விழுந்தது. அத்தனையும் புல். நேர்க்கோட்டில் சூரியன் வராதபடி திருப்பி, முன்னால் இருந்த புல்லை ஒதுக்கியதும்தான் அடங்கியது. இரவில் ஈரம் படிந்து லென்ஸ் மங்குவதைச் சமாளிப்பது, பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிடுவது, இடத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்பது எல்லாம் அப்புறம் நானே விழுந்து எழுந்து கற்றவை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "படம் கிடைத்ததா, இல்லையா?"

அடுத்த குழுவுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் பயிற்றுநரிடம் நல்ல படங்களைக் கேட்காதீர்கள். ஒரே கார்டில் விழுந்த அத்தனை படங்களையும், காலிப் படங்களோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள்.