‘ரா ஃபைல் தருவோம்’ என்றால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தங்கை கல்யாணம் போன வைகாசியில் பாளையங்கோட்டையில் நடந்தது. போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். ‘ஹை ரெசல்யூஷன் படங்கள், ரா ஃபைல் அனைத்தும் பென்டிரைவில் தரப்படும்’ என்று கொட்டேஷனில் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டுக்கும் எனக்கு அப்போது பொருள் தெரியாது. பென்டிரைவ் வந்ததும் டிவியில் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆவணியில் எங்கள் ஆச்சி தவறிப்போனாள். தாலி கட்டி முடிந்ததும் தங்கையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துச் சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. பதினாறாம் நாளுக்குள் அதை 24-க்கு 16 அங்குலத்தில் பிரேம் போட வேண்டும் என்று அம்மா கேட்டாள். பிரிண்ட் லேபில் இருந்த தம்பி கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல பிக்சலே இல்லையே, 1600-க்கு 1067தான் இருக்கு” என்றான்.

பிக்சல் என்றால் படம் உருவாகிற குட்டிப் புள்ளி. அவன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். 1600 பிக்சலை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 67கூட வராது. பக்கத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு 200-இலிருந்து 300 வரை வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் படம் 6000-க்கு 4000 இருக்க வேண்டும். அதில் தாராளமாக இந்த அளவு போடலாம். எங்கள் டிவியின் அகலமே 1920 பிக்சல்தான். அதனால்தான் வீட்டில் குறை தெரியவில்லை.

போட்டோகிராபரைக் கூப்பிட்டேன். “எல்லாமே ஹை ரெசல்யூஷன்தான் தம்பி, பிராப்பர்ட்டீஸ்ல பாருங்க, 300 டி.பி.ஐ.ன்னு இருக்கும்” என்றார். டி.பி.ஐ. என்றால் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு. பார்த்தேன், இருந்தது. ஆனால் அந்த எண் ஃபைலில் ஒட்டிய ஒரு சீட்டு மட்டும்தான். எந்தப் படத்திலும் ஒரு நொடியில் 300 என்று மாற்றி எழுதலாம், ஒரு பிக்சல்கூட கூடாது. 300-இல் அச்சிட்டால் எங்கள் படம் 5 அங்குலம் சொச்சம்தான் வரும். இந்த டி.பி.ஐ. பேச்சில்தான் நிறைய பேர் வாயடைத்துப் போகிறார்கள், நானும் போனேன்.

பெரிது பண்ணித் தருகிறேன் என்று 5,000 ரூபாய் வாங்கினார். 7200-க்கு 4800 பிக்சலில் ஃபைல் வந்தது. திறந்து பார்த்த அம்மா, “இது யாருடா?” என்று கேட்டாள். முகம் மெழுகு பூசினதுபோல இருந்தது. மூக்கோரத்து மச்சம் காணோம். கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கம் காணோம். இல்லாத விவரத்தை சாஃப்ட்வேர் ஊகித்து நிரப்பும்; இடைவெளியை நிரப்புமே தவிர, ஆச்சியை அதற்குத் தெரியாது.

சரி, ரா ஃபைலாவது கொடுங்கள் என்றேன். ‘ரா’ என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். உள்ளே எல்லாமே ஜேபெக், அதாவது சுருக்கித் தயாரித்த சாதாரணப் பட ஃபைல். கலர் கரெக்ஷன் பண்ணாத படத்தைத்தான் ‘ரா’ என்று சொல்கிறார்கள். அது ரா இல்லை. ரா என்பது கேமரா சென்சார் பதிந்த தரவு அப்படியே இருக்கும் ஃபைல். கேனானில் சி.ஆர்.3, நிக்கானில் என்.இ.எஃப்., சோனியில் ஏ.ஆர்.டபிள்யூ. என்று ஃபைல் பெயர் முடியும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. ஆச்சி கட்டியிருந்த வெள்ளைச் சேலை வீடியோ லைட்டில் வெளிறி, மடிப்பே தெரியாமல் போயிருக்கிறது. அசல் ரா இருந்திருந்தால் அதில் ஓரளவு மீட்டிருக்கலாம். ஜேபெக்கில் வெளிறினது வெளிறினதுதான்.

அப்புறம்தான் ஃபைல் பெயர்களைக் கவனித்தேன். ஆச்சி இருந்த படங்களின் பெயரில் மட்டும் தேதிக்கு அப்புறம் டபிள்யூ.ஏ. என்று ஒரு எண். அவை வாட்ஸ்அப் வழியே வந்தவை. இரண்டாவது கேமராக்காரர் சாதாரணமாக அனுப்பியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், கூடவே எக்ஸிஃப் என்கிற, படம் எடுத்த விவரக் குறிப்பையும் அழித்துவிடும். கேமரா பெயர், ஐ.எஸ்.ஓ., ஷட்டர் வேகம் எதுவுமே அந்தப் படங்களில் இல்லை. டாக்குமென்டாக அனுப்பியிருந்தால்கூட அசல் தப்பியிருக்கும்.

நீங்கள் பேசும்போது கொட்டேஷனில் ‘ஹை ரெசல்யூஷன்’ என்று எழுத விடாதீர்கள். நீளப் பக்கம் குறைந்தது 6000 பிக்சல் என்று எண்ணாக எழுதி வாங்குங்கள். ரா என்றால் எந்த கேமரா, ஃபைல் எப்படி முடியும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் அசலை வைத்திருப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து படத்தைத் திறந்து பிக்சல் அளவையும் எக்ஸிஃபையும் பாருங்கள். தாத்தா பாட்டி இருக்கிற படங்களை முதலில் பாருங்கள்.

சண்டை போட்டதில் அந்த 5,000 மட்டும் திரும்பி வந்தது. இரண்டாவது கேமராவின் கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கே ஃபார்மட் பண்ணிவிட்டார்களாம். லேப் தம்பி அந்த 1600 பிக்சல் படத்தையே 7-க்கு 5 அங்குலத்தில் போட்டுக் கொடுத்தான். அதில் மச்சம் தெரிகிறது.