"பார்ட்-டைம் ஆலோசகர்" என்று வலை வீசுகிறார்கள், உஷார்

சிங்கப்பூரில் கப்பல் சரக்குத் துறையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். மார்ச் மாதம் லிங்க்ட்இன்னில் ஒரு மெசேஜ். வெளிநாட்டுக் கன்சல்டிங் கம்பெனியாம். தென்கிழக்காசியத் துறைமுகங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தந்தால் 400 வெள்ளி (டாலர்). ரெஸ்யூமேயோடு பாஸ்போர்ட் நகலும் கேட்டார்கள். கொடுத்துத் தொலைத்தேன்.

முதல் ரிப்போர்ட் முழுக்கப் பேப்பரில் வந்த சமாச்சாரம்தான். பணம் மறுநாளே வந்துவிட்டது, ஆனால் கம்பெனி பெயரில் இல்லை, யாரோ ஒரு தனியாள் கணக்கிலிருந்து. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் குப்பைக்கு நானூறு வெள்ளி எவன் தருவான்?

அடுத்ததற்கு 1,200 என்றார்கள். ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். ஃபைல் முழுக்க மஞ்சள் அடித்துத் திரும்பி வந்தது. "இதெல்லாம் கூகுளில் கிடைக்கும், உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்." கூடவே கேள்விகள்: உங்கள் கம்பெனிக்கு அரசாங்கச் சரக்கு வருகிறதா, அதைப் பார்ப்பது யார், அவருக்குக் கடன் கிடன் உண்டா. துறைமுக ஆய்வுக்கு அந்த மனுஷனின் கடன் எதற்கு? முடியாது என்றேன். அதோடு 1,200 போச்சு, பேச்சுமூச்சும் இல்லை.

உளவாளிகள்தான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சாதாரண ஃபிராடாகவும் இருக்கலாம். ஆனால் டிக்சன் இயோ வழக்கைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. இங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சிங்கப்பூரர். 2015-இல் பெய்ஜிங் போன இடத்தில் சீன உளவுத்துறை அவரைத் தன் ஆளாக வளைத்துப்போட்டது. 2018-இல் போலி கன்சல்டிங் கம்பெனி பெயரில் வேலை விளம்பரம் போட்டார். வந்து குவிந்தவை 400-க்கும் மேற்பட்ட ரெஸ்யூமேக்கள், பெரும்பாலானவை அமெரிக்க ராணுவத்தினர், அரசு ஊழியர்களுடையவை. அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர் ஒருவருக்குப் பணக்கஷ்டம் என்று தெரிந்துகொண்டு, காசு கொடுத்து ரிப்போர்ட் எழுத வைத்திருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 2020-இல் 14 மாதம் தண்டனை வாங்கினார். அவருக்கு இடப்பட்ட வேலையிலும் இதே கேள்விதான்: யாருக்குக் கடன், யாருக்கு வேலையில் அதிருப்தி.

ஆபீஸில் சொல்லிவிட்டேன், போலீஸில் புகாரும் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட் நகல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. போன வாரம் அதே விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. கம்பெனி பெயர் வேறு, படம் வேறு. உள்ளே இருந்த வாசகம் மட்டும் வரிக்கு வரி அதே.