இருபதாயிரம் ரூபாய்க்குப் பழைய ஆபீஸ் லேப்டாப்: டி480-ஆ, 7490-ஆ, 840 ஜி5-ஆ?

ரூ. 20,000-ஐ வைத்துக்கொண்டு புது லேப்டாப் தேடினால் பெரும்பாலும் செலரான் ப்ராசஸரும் மங்கலான திரையும்தான் கிடைக்கும். ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்டவும் முடியாது. அதே பணத்தோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், 2018 வாக்கில் ஒரு கம்பெனி தன் ஊழியருக்காகப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பே கிடைக்கும். பெரிய கம்பெனிகள் இவற்றை மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு மொத்தமாக எடுக்கும், முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிடும். அந்த லாட்டுகள்தான் கை மாறிக் கை மாறிக் கடைக்கு வருகின்றன. அதனால் எந்தக் கடையில் நின்றாலும் இந்த மூன்று பெயர்கள் காதில் விழும்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5.

வேகத்தில் இவற்றை ஒப்பிடுவது வீண் வேலை. மூன்றுமே 14 அங்குலம், மூன்றும் 2018-இல் வந்தவை, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ5-8250யு அல்லது ஐ5-8350யு. இரண்டுக்கும் 4 கோர், 8 த்ரெட். பிரவுசர், எக்செல், ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் புரோகிராமிங் என்றால் எதில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஐ7-8650யு இருக்கிறது என்று கடைக்காரர் மூவாயிரம் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதிலும் அதே 4 கோர்தான். ஆறேழு வருடம் உழைத்த இயந்திரத்தில் பார்க்க வேண்டியது, அடுத்து எது பழுதாகும், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பது. அந்தக் கணக்கில் மூன்றும் நன்றாகவே பிரிகின்றன.

அதற்கு முன்னால் ஒரு எல்லைக்கோடு. இன்டெல் ப்ராசஸரில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் வரிசை, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 7-ஆம் தலைமுறை மாடல்களைச் சல்லிசாகத் தள்ளப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்றாலும் ஐ5-7300யு-வில் இருப்பது 2 கோர்தான். ஐ7-7600யு-வும் அப்படியே. 'ஐ7 சார்' என்று சொல்லித் தருவது பல நேரம் அதைத்தான். ஐ-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பாருங்கள், தலைமுறை அதுதான்.

சரி, பேட்டரி. இங்கே டி480-ஐ அடிக்க ஆளில்லை. உள்ளே 24 வாட்-அவர் (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி ஒன்று, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று. முதலில் தீர்வது வெளியே இருப்பது, அதனால் முதலில் தேய்வதும் அதுதான். தேய்ந்தால் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளி எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம், திருப்புளி கூட வேண்டாம். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். வெளிப் பேட்டரி 24, 48, 72 வாட்-அவர் என்று மூன்று அளவில் உண்டு. 72 போட்டால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், எடையும் கூடும். ஆனால் மின்வெட்டு உள்ள ஊரில் அந்தத் துருத்தலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 7490-இல் 60 வாட்-அவர், 840 ஜி5-இல் 50, இரண்டும் உள்ளேதான். அடிமூடியைக் கழற்றினால் மாற்றிவிடலாம், பெரிய வேலையில்லை. 7490-இல் 42 வாட்-அவர் பேட்டரியோடும் சில வந்தன, கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் எதை எடுத்தாலும் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். டிசைன் கெபாசிட்டிக்கும் (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிக்கும் (இப்போது ஏறும் அளவு) உள்ள இடைவெளிதான் உண்மையான வயது. இடைவெளியே இல்லாமல் புத்தம்புது எண் காட்டினால், மாட்டியிருப்பது டூப்ளிகேட் பேட்டரியா என்று சந்தேகப்படுங்கள். அப்புறம் லேப்டாப்பை மேசையில் வைத்து ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். உள் பேட்டரி உப்பினால் முதலில் அங்கேதான் தெரியும்.

சார்ஜிங் போர்ட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். டி480-க்குத் தனி சார்ஜர் குழி கிடையாது, சார்ஜ் ஏறுவது இரண்டு டைப்-சி போர்ட் வழியாக. இரண்டுமே மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைத்தவை. வயரில் கால் தட்டித் தட்டி லூசாகிவிட்டால் போர்டு வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். போதாததற்கு இந்த மாடலுக்கே உரிய ஒரு வியாதியும் உண்டு. இதன் தண்டர்போல்ட் என்ற அதிவேக டைப்-சி போர்ட்டை இயக்கும் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) இருந்த பிழை, தன் நினைவகச் சிப்பில் எழுதிக்கொண்டே இருந்து கடைசியில் அதைக் கெடுத்துவிடும். டைப்-சி போர்ட் வேலை செய்யாது, வெளித்திரை வராது, சில நேரம் சார்ஜும் ஏறாது. லெனோவோ 2019-இல் திருத்தம் வெளியிட்டது. முந்தைய கம்பெனியின் ஐடி ஆள் அதைப் போட்டாரா என்பதை நாம் எப்படி அறிவது? அதனால் இரண்டு போர்ட்டிலும் சார்ஜரைச் செருகுங்கள், டைப்-சி வழியாகவும் ஹெச்டிஎம்ஐ வழியாகவும் ஒரு மானிட்டர் இணைத்துப் பாருங்கள். எல்லாம் ஓடினால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அப்டேட்டைப் போடுங்கள். ஓடாவிட்டால், 'டிரைவர்தான் சார், சரியாகிடும்' என்ற பேச்சைக் கேட்காமல் அடுத்த பீஸை எடுக்கச் சொல்லுங்கள்.

டெல்லும் ஹெச்பியும் இதில் நிம்மதி. இரண்டிலும் பழைய உருளை பின் குழி இருக்கிறது, டைப்-சியிலும் சார்ஜ் ஏறும். ஒன்று போனால் இன்னொன்று. 7490-இன் குழி ஒயரோடு வரும் தனி உதிரி, கழற்றி மாட்டலாம். டெல்லின் அந்த 7.4 மில்லிமீட்டர் பின் சார்ஜர் பழைய லேட்டிட்யூட் பலவற்றுக்கும் பொது என்பதால் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒரே தொல்லை, டெல் தன் சார்ஜரை அடையாளம் பார்க்கும். டூப்ளிகேட் செருகினால் சார்ஜர் வகை தெரியவில்லை என்று எச்சரித்துவிட்டு, பேட்டரியை ஏற்றாமல், ப்ராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும். ஒரிஜினல் சார்ஜர் இல்லாத 7490-ஐ விலை பேசும்போது இதை மறக்கக் கூடாது.

திரையில் மூன்று கம்பெனியுமே ஒரே தந்திரம் செய்திருக்கின்றன. மாடல் பெயர் ஒன்று, உள்ளே பேனல் வேறு வேறு. டி480-இல் 1366 x 768 டிஎன் பேனலும் வந்தது, ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ்ஸும் வந்தது. முன்னது பக்கவாட்டில் பார்த்தாலே நிறம் வெளுத்துவிடும், அதை எடுக்கவே வேண்டாம். பின்னதும் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) தான், அறைக்குள் போதும், ஜன்னலோரம் கஷ்டம். போட்டோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இந்த விலையில் மூன்றுமே சுமார்தான். 840 ஜி5-இல் கவனிக்க வேண்டியது ஷ்யூர் வியூ. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்கத் திரையை ஒரு பொத்தானில் இருட்டாக்கும் வசதி அது. அணைத்து வைத்தாலும் அந்தப் பேனலின் பார்வைக் கோணம் சாதாரண ஐபிஎஸ் அளவுக்கு வராது. விமானத்தில் போகும் மேலாளருக்குச் சரி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பாடம் பார்க்கும் வீட்டுக்கு எதற்கு? எந்த மாடலானாலும் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அழுத்தத்தால் வந்த வெண்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ராம் விஷயத்தில் மூன்றுக்கும் இரண்டிரண்டு ஸ்லாட், டிடிஆர்4. இங்கே கவனம் வேண்டியது பெயரில்தான். டி480எஸ் என்பது வேறு லேப்டாப். மெல்லியது, அழகானது, ஆனால் ஒரு பகுதி ராம் போர்டோடு ஒட்டியது, வெளிப் பேட்டரியும் கிடையாது. இரண்டையும் 'டி480' என்றே விற்கிறார்கள். முன்பெல்லாம் 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்வோம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு உதைக்கிறது. 16 ஜிபி போட்ட பீஸாகவே பேசி எடுங்கள்.

கீபோர்டு: தட்டச்சு அதிகம் என்றால் டி480. விசைகளின் ஆழம் கூடுதல், கீபோர்டைத் தனியாகக் கழற்றி மாற்றுவதும் எளிது. கன்ட்ரோல் விசையும் எஃப்என் விசையும் இடம் மாறி இருப்பது முதல் வாரம் எரிச்சலூட்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) மாற்றிக்கொள்ளலாம். 840 ஜி5-இல் கீபோர்டு மாற்றுவது உள்ளே பெரும்பாலானதைப் பிரிக்கும் வேலை, கூலியே கனமாகிவிடும். ஆனால் கையில் எடுத்தால் மூன்றில் அழகானது அதுதான், அலுமினிய உடம்பு, ஸ்பீக்கரும் நன்றாகவே பேசும். டி480 அதன் பக்கத்தில் கறுப்பு செங்கல். தூக்கிச் செல்ல 7490-தான் லேசு, அடிப்படை எடை 1.4 கிலோ அளவில்.

பணம் மொத்தமாக முழுகும் இடம் பூட்டு. கம்பெனி லேப்டாப் என்பதால் பயாஸ் பாஸ்வேர்டு போட்டே வந்திருக்கலாம். டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போய், ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். பார்க்க விடும், மாற்ற விடாது என்றால் பூட்டு இருக்கிறது. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டை மாற்றுவதே வழி என்று லெனோவோவே சொல்கிறது. கம்ப்யூட்ரேஸ் என்ற கண்காணிப்பு வசதி ஆக்டிவேட் நிலையில் இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொரு பூட்டு கண்ணுக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் முறையில் கம்பெனி தன் பெயரில் பதிந்த லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும், 'உங்கள் நிறுவனக் கணக்கில் உள்ளே வாருங்கள்' என்று கேட்கும். ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் பதிவு இருப்பது மைக்ரோசாஃப்ட் பக்கம். கடைக்காரர் இணையம் இல்லாமல் நிறுவிக் கொடுத்திருந்தால் அன்றைக்குத் தெரியவே தெரியாது. அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டோடு போய், கடையிலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி நெட்டில் இணைத்துப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டெல் என்றால் அடியில் இருக்கும் 7 எழுத்து சர்வீஸ் டேகை டெல் தளத்தில் போட்டால், அந்த லேப்டாப் தொழிற்சாலையிலிருந்து என்னென்னவோடு வந்தது என்று காட்டும். ப்ராசஸர் எது, திரை எது என்று கடைக்காரரோடு வாதாடவே தேவையில்லை. ஒப்பீட்டில் நான் 7490-க்குக் கூடுதல் மதிப்பெண் போடும் இடம் இது.

என் தேர்வு: ஃபுல் ஹெச்டி திரையோடு, இரண்டு டைப்-சியும் வேலை செய்யும் டி480 கிடைத்தால் அதுதான் முதல். வீட்டில் வைத்து நாலைந்து வருடம் ஓட்ட, நாமே கழற்றி மாட்ட அதைவிட வேறில்லை. ஆனால் அதன் புகழ் விலையிலும் ஏறியிருக்கிறது. அதே நிலையில் உள்ள 7490 இரண்டாயிரம் குறைவாக வந்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம். தினமும் பையில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் மாணவருக்கு விலை ஒன்றாகவே இருந்தாலும் 7490-தான். 840 ஜி5-ஐத் திரையை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். பேனல் வெளிச்சமாக இருந்து, பூட்டு எதுவும் இல்லாமல், மற்ற இரண்டையும்விடக் குறைவாகவும் கேட்டால் அது நல்ல பேரம்.

மூன்றுமே கைக்கு எட்டவில்லை என்றால் லேட்டிட்யூட் 5490 இருக்கிறது. தடிமன், எடை, பிளாஸ்டிக் உடம்பு. ஆனால் 68 வாட்-அவர் பேட்டரியோடும் வந்தது, பழைய விஜிஏ போர்ட்டும் உண்டு. டியூஷன் சென்டரில் பழைய புரொஜெக்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் அதையே முதலில் கேட்கலாம். ஐ5-7300யு போட்டும் அது வந்திருக்கிறது, எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.